கத்தரிக்கக் கூடாத நூல்

கோமருக்குப் பயமாக இருக்கிறது என்று யாராவது சொன்னால், ஸ்வெட்டர் பின்னுகிற எங்கள் பினோங் சந்தில் ஏன் என்று கேட்கமாட்டோம். இன்றைக்கு எதற்கு என்றுதான் கேட்போம். அடுப்பை அணைத்துவிட்டுப் பாதி வழி போனவன் திரும்பி வந்து, அணைந்துதான் இருக்கிறதா என்று பார்ப்பான். வானம் கறுத்தால் வீட்டிலுள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவான். மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறான், ஆனால் அதை ஓட்டியதைவிடத் தள்ளிக்கொண்டு போனதுதான் அதிகம். "கோமரண்ணே, வண்டிக்குக் கால் வலிக்குதா?" என்று சந்துப் பிள்ளைகள் கத்துவார்கள். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுத் தள்ளிக்கொண்டே போவான்.

என் பேர் எந்தின், பக்கத்து வீட்டுக்காரி. இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் அவன் ஸ்வெட்டர் பின்னுவான். இந்தப் பக்கம் நான் அவற்றின் துண்டுகளை ஒன்றோடொன்று கோத்து, கழுத்தும் கையும் சேர்ப்பேன். எனக்குப் பொறுமை கிடையாது, வாய் மட்டும் உண்டு. அவனை நான் திட்டாத நாள் குறைவு.

ஆனால் அவனுடைய பயம்தான் அவனை நல்ல பின்னல்காரனாக்கியது என்பதையும் சொல்லியாக வேண்டும். மெஷின் கைப்பிடியை இழுத்து ஒரு வரிசை பின்னியதும் மற்றவர்கள் அடுத்த வரிசைக்குப் போய்விடுவார்கள். கோமர் ஊசிகளுக்குக் கீழே தொங்கும் துணியைக் குனிந்து பார்த்துவிட்டுத்தான் போவான். பின்னலில் ஒரு கண்ணி ஊசியிலிருந்து நழுவினால் அதோடு நிற்காது. அதற்குக் கீழே இருக்கும் கண்ணி, அதற்கும் கீழே இருப்பது என்று வரிசையாக அவிழ்ந்துகொண்டே ஓடும். துணியில் ஏணி மாதிரி ஒரு பிளவு விழும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்த ஓட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன், உலகமே அப்படித்தான் என்று முடிவு கட்டிவிட்டான் போலிருக்கிறது.

அவன் மனைவி இமாஸ் மஜலாயாக்காரி. மஜலாயா தறிகளின் ஊர். அங்கே பிறந்தவர்களுக்கு எங்கள் துணி துணியே இல்லை. பாவு நூல் விறைப்பாக நிற்க வேண்டும், ஊடை நூல் குறுக்கே போய் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும், அதுதான் அவர்களுக்குத் துணி. நாங்களோ ஒரே நூலை வளைத்து வளைத்து, ஒரு வளையத்துக்குள் இன்னொரு வளையத்தை மாட்டிக்கொண்டே போகிறவர்கள். "உங்க ஊரு துணியா? நூலைப் புடிச்சு இழுத்தா ஆளு அம்மணமா நிப்பான்" என்பார்கள். "உங்க சாரோங்கைக் கட்டிக்கிட்டு ஒரு வேலியத் தாண்டிப் பாருங்க, டர்ருனு கேக்கும்" என்போம் நாங்கள். கல்யாணப் பந்தலில்கூட இந்தச் சண்டை உண்டு.

அவர்கள் இருவரும் சந்தித்ததும் இதனால்தான். தறிக்காரப் பெண்கள் கழுத்துக் கயிற்றில் ஒரு சின்னக் கத்தரியைத் தொங்கவிட்டிருப்பார்கள். தறியிலிருந்து இறங்கும் துணியில் எங்கே நூல் துருத்திக்கொண்டிருந்தாலும் நறுக்கென்று வெட்டிவிடுவார்கள். தறித்துணியில் அது சரி. அதனால் துணிக்கு ஒன்றும் ஆகாது. ஒரு நாள் ஷேர் வேனில் கோமருடைய ஸ்வெட்டர் கதவுக் கொக்கியில் மாட்டி, கையில் ஒரு நூல் வெளியே வந்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருந்த இமாஸ், கேட்காமலே கையை நீட்டி வெட்டினாள். "நீட்டிக்கிட்டு இருந்துச்சுண்ணே, வெட்டிட்டேன்" என்று சிரித்தாளாம். கோமர் வீடு வந்து சேர்வதற்குள் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை பிளந்துவிட்டது. மறுநாள் அதே நேரத்துக்கு, அதே ஸ்வெட்டரோடு, அதே இடத்தில் போய் நின்றிருக்கிறான்.

"சண்டை போட வந்தீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. இன்னொரு கையிலயும் ஒரு நூல் நீட்டிக்கிட்டு இருக்கு" என்றானாம் இவன்.

எதற்கெடுத்தாலும் நடுங்குகிறவன் எப்படி அதைச் சொன்னான் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்தக் கதையைச் சொல்லித்தான் இரண்டு ஊரும் அவர்கள் கல்யாணத்தில் சிரித்தது. இமாஸின் அக்கா தார்சிதான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தாள். அவளும் தறியில் நிற்பவள். அவள் கழுத்திலும் கத்தரி தொங்கியது.

பிறகு சிரிப்பு போய்விட்டது. முதல் பிள்ளை மாதம் நிறையாமல் பிறந்தான். ஒரு வாரம்கூட இருக்கவில்லை. ஏழாம் நாள்வரை காத்திருக்காமல் பெயர் வைத்திருந்தார்கள். அந்தப் பெயரைச் சின்னப் பலகையில் எழுதிக் குழியின் தலைமாட்டில் நட்டார்கள். திரும்பி வரும்போது கோமர் என்னிடம், "பேரு வச்சதாலதானேக்கா எழுத முடிஞ்சுது" என்றான். கிறுக்குத்தனமாகப் பேசாதே என்று எரிந்து விழுந்தேன்.

இரண்டாவது, பெண் பிள்ளை. அவளும் அவசரப்பட்டாள். வயிற்றைக் கிழித்துத்தான் எடுத்தார்கள். கண்ணாடிப் பெட்டியில் சில வாரம் வைத்திருந்துவிட்டு, இனிமேல் வீட்டில் நெஞ்சோடு வைத்து வளர்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். பெட்டிகள் குறைவு, காத்திருக்கும் பிள்ளைகள் அதிகம். வந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். கோழிக்குஞ்சை உரித்து வைத்ததுபோல இருந்தாள். வாயைத் திறந்தால் சுவருக்கு அப்பால் பூனைக்குட்டி கத்துகிற அளவுக்கு ஒரு சத்தம். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். நல்லவேளை, கோமர் என்னைப் பார்க்கவில்லை.

தையல் சீழ் பிடித்து இமாஸ் காய்ச்சலில் கிடந்தாள். பாலைப் பீய்ச்சிக் கொடுக்க முடிந்ததே தவிர, பிள்ளையை நெஞ்சில் தாங்க முடியவில்லை. ஆகவே கோமர்தான் தாங்க வேண்டும். சுகாதார நிலையத்திலிருந்து யூயூன் நர்ஸம்மா வந்து சொல்லிக் கொடுத்தாள்.

"உங்க உடம்புச் சூடுதான் இனி அவளுக்குக் கண்ணாடிப் பெட்டி. சட்டை போடாத நெஞ்சுல, நெஞ்சோட நெஞ்சா, நிமிந்தாப்ல இருக்கணும். தவளை மாதிரி கால் மடங்கி இருக்கணும். தலை ஒரு பக்கமாத் திரும்பியிருக்கணும். மோவாய் மட்டும் அவ நெஞ்சுல இடிக்கக் கூடாது. இடிச்சா மூச்சுக்குழாய் மடங்கிடும்."

"எப்படி நர்ஸம்மா கட்டுறது?"

"நழுவாத மாதிரி இறுக்கமா. ஆனா மூச்சு விடுற மாதிரி தளர்வா."

"இறுக்கமாவா, தளர்வாவா?"

"ரெண்டும்தான்."

கோமர் என்னைப் பார்த்தான், ஏதோ நான்தான் இந்தச் சட்டத்தை எழுதியதுபோல.

"இன்னொண்ணு. அப்பப்ப மூச்சு விட மறந்துடுவா. குறைமாசப் பிள்ளைங்க அப்படித்தான். மறந்தா உள்ளங்கால்ல சுண்டுங்க, ஞாபகம் வந்துடும்" என்று மிகச் சாதாரணமாகச் சொல்லிவிட்டு நர்ஸம்மா தன் ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டாள். மூச்சு விட மறந்துவிடுவாளாம். பயத்துக்கென்றே பிறந்த ஒருவனிடம் இதைச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போகிறாளே என்று அவள் முதுகைப் பார்த்துத் திட்டினேன்.

கட்டுவதற்குத் துணி கொண்டுவந்தவள் தார்சி. எங்கள் பக்கம் பிள்ளையைத் தோளில் கட்டிச் சுமக்கும் நீளத் துணி, ஜாரிக். நல்ல தறித்துணி, கஞ்சி வாசம் போகாதது. தறியில் நூல் முறுக்கிய கையால் கோமரின் முதுகில் முடிச்சுப் போட்டாள்.

"எங்க எல்லாரையும் இதுலதான் கட்டி வளத்தாங்க. யானையக் கட்டினாலும் தாங்கும்."

"யானைக்கு நெஞ்சு பெருசுக்கா. மூச்சு முட்டினா பிளிறும். இவளுக்கு அதுவும் வராது" என்றான் கோமர்.

"வாய்க்கு ஒண்ணும் குறைச்சலில்ல. புடிச்சுக்கிட்டு உக்காரு."

உட்கார்ந்தான். பாதி மூச்சு இழுத்தான், பாதி மூச்சு விட்டான். "நான் முழுசா இழுத்தா அவ நசுங்கறா. துணி நகர மாட்டேங்குது" என்றான். தார்சி கிளம்பிப் போனதும், ஒரு விரல் நுழைகிற அளவுக்கு முடிச்சைத் தளர்த்தியிருக்கிறான். பிறகு இமாஸ் தண்ணீர் கேட்டாள் என்று எழுந்து நடந்திருக்கிறான்.

நான் கஞ்சி எடுத்துக்கொண்டு உள்ளே போன நேரம் அது. எதிரே வந்தவனுடைய மார்பில் துணி தொய்ந்திருந்தது. தொய்ந்த தறித்துணி தானாக ஏறாது, தொய்ந்தபடியே இருக்கும். அதற்குள் பிள்ளை சரிந்து, மோவாய் நெஞ்சில் புதைந்து, வெறும் உச்சந்தலையும் ஒரு காதும்தான் தெரிந்தன. அந்தக் காது சாம்பல் நிறமாக இருந்தது.

கஞ்சி தரையில் கொட்டியது. எப்போது துணிக்குள் கை விட்டேன் என்று தெரியாது. தலையை நிமிர்த்தினேன். உள்ளங்காலில் சுண்டினேன். ஒன்றுமில்லை. இன்னொரு தரம் சுண்டினேன், அப்போதும் ஒன்றுமில்லை. கோமர் சுவரில் சாய்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். நகத்தால் கிள்ளிவிட்டேன். அவ்வளவு சின்னக் காலைக் கிள்ளினோமே என்று பிறகு மனசு கிடந்து அடித்துக்கொண்டது. கிள்ளியதும் ஒரு விக்கல் வந்தது. பின்னாலேயே ஒரு மூச்சு. காதில் மெல்ல மெல்லச் சிவப்பு ஏறியது.

கோமர் ஜாரிக்கை அவிழ்த்து மடித்தான், வேகமில்லாமல், மடிப்புப் பிசகாமல்.

"தறித்துணி மேல தப்பில்லக்கா. நிறுத்தின இடத்துல அது நிக்கும். ஆனா இது நிக்கிற காரியமில்லையே. நான் மூச்சு இழுத்தா கூடவே அகலணும். விட்டா கூடவே திரும்பி வரணும். எம்பின்னாடியே வர்ற துணி வேணும்" என்றான். பிறகு தன் பழைய ஸ்வெட்டரின் கைப்பட்டியைப் பிடித்து இழுத்தான், விட்டான். அது விரிந்தது, சட்டென்று சுருங்கி மணிக்கட்டை வந்து பிடித்தது. "இது மாதிரி."

பிள்ளையை என் நெஞ்சில் வைத்துவிட்டு மெஷினுக்குப் போனான். பருத்தி நூல், கைப்பட்டிக்குப் போடுகிற ரிப் பின்னல், ஒரு கண்ணி முன்னால் ஒரு கண்ணி பின்னால். பொறுமையே இல்லாத நான், என் உடம்பின் மேல் பட்டாம்பூச்சி அளவுக்குத் துடித்துக்கொண்டிருந்ததைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தேன். மூச்சு விடுகிறாளா, விடுகிறாளா என்று பார்த்துப் பார்த்து, நானே விட மறந்துவிட்டேன். அன்றைக்குத்தான் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரிந்தது. இத்தனை வருஷமாகக் கோமரைப் பார்த்துச் சிரித்தோமே, அவன் இதற்குள்ளேதான் குடியிருந்தான்.

அவன் பின்னி முடித்ததும் பிள்ளையை வாங்கிக்கொண்டான். மிச்ச வேலை என்னுடையது. இரண்டு ஓரத்தையும் சேர்த்து உருளையாக்க வேண்டும். மேல் விளிம்பில் திறந்திருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக என் மெஷினின் முட்களில் ஏற்றி, ஒன்றுகூட விடாமல் பூட்ட வேண்டும். ஒன்று விட்டுப் போனாலும் அங்கிருந்து கீழே ஓடும். ஆயிரக்கணக்கான ஸ்வெட்டர்களுக்குச் செய்த வேலை. அன்றைக்கு ஒவ்வொரு கண்ணியும் கண்ணில் நீந்தியது. முடித்துக் கொடுத்தேன். அவன் தலைவழியாக மாட்டி நெஞ்சுக்கு இறக்கி, பிள்ளையை உள்ளே வைத்தான். மூச்சு இழுத்தான், துணி அகன்றது. விட்டான், திரும்பி வந்தது. பிள்ளை அவனோடு சேர்ந்து ஏறி இறங்கினாள், படகில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.

எனக்கு மட்டும் நிம்மதியில்லை. ஒரு கண்ணியை விட்டிருப்பேனோ? படுத்தால் அதுதான், எழுந்தால் அதுதான்.

தார்சி மறுபடி வந்தபோது தலையில் அடித்துக்கொண்டாள். "பனியன் துணியிலயா புள்ளையக் கட்டி வச்சிருக்க? ஒரு நூல் அறுந்தா மொத்தமும் ஓடுமே! பமாலிடா, பமாலி!" ஆகாத காரியம் எதையும் நாங்கள் பமாலி என்போம். தார்சிக்கு எல்லாமே பமாலி, அதில் பாதி அவளே உண்டாக்கியது. ஆனால் அறுந்தால் ஓடும் என்று அவள் சொன்னது பொய் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் அதிகமாக வந்தது.

"உன் ஜாரிக்கு அவளை முழுங்கப் பாத்துச்சு. பேசாம இரு" என்றேன். நடந்ததைச் சொன்னேன். தார்சி பிள்ளையின் உச்சந்தலையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஜாரிக்கை எடுத்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுச் சுவர் பேச ஆரம்பித்தது. கோமர் பிரம்பு நாற்காலியில் சாய்ந்தபடியே இருப்பான், தூங்குவதும் அப்படித்தான். கொஞ்ச நேரத்துக்கு ஒரு தரம் குனிந்து பார்த்து, மூச்சு இருந்தால் சுவரில் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவான். இந்தப் பக்கம் நான் மெஷினை நிறுத்தி அதைக் கேட்டுவிட்டு, மறுபடி ஓட்டுவேன். தட்டச் சொல்லி நான் கேட்கவில்லை, கேட்கிறேன் என்று அவனிடம் சொல்லவுமில்லை. தட்டு வரக் கொஞ்சம் தாமதமானால் எழுந்து ஓடுவேன். அனேகமாக அவன் கண்ணயர்ந்திருப்பான், பிள்ளை தன்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருப்பாள். இரண்டு தரம் அப்படி இல்லை. இரண்டு தரமும் நான் உள்ளே நுழையும்போது கோமர் அவள் காலைச் சுண்டிக்கொண்டிருந்தான். அவன் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. ஓதுகிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

வாசலில் போகிற ஆண்கள் சும்மா இருப்பார்களா? "கோமரு, எத்தனாவது மாசம்?" "வயித்துக்குப் பதிலா நெஞ்சுல உண்டாயிட்டியா?" ஒருவன் மேல் நான் நூல்கண்டை விட்டெறிந்தேன். அது அவன் காபிக் கோப்பையில் போய் விழுந்தது. அதன் பிறகு அந்த வழியாகப் போகிறவர்கள் கொஞ்சம் மரியாதையாகப் போனார்கள்.

பெயர் மட்டும் வைக்கமாட்டேன் என்றான் கோமர். பெயர் வைக்கிற ஏழாம் நாள் கண்ணாடிப் பெட்டியில் கழிந்தது, சரி. வீட்டுக்கு வந்த பிறகாவது வைக்க வேண்டாமா? இமாஸ் கெஞ்சினாள். "அப்புறம், அப்புறம்" என்றான். நர்ஸம்மா எடை அட்டையில் இமாஸின் மகள் என்றே எழுதிவைத்தாள். எனக்குத் தெரியும், அவன் கண்ணில் அந்தச் சின்னப் பலகைதான் நின்றது. நான் வாய் திறக்கவில்லை. நானே திறக்கவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

எடை மெதுவாக ஏறியது. "நல்லா வர்றா. ஒரு நாள் இதுக்குள்ள இருக்கமாட்டேன்னு அவளே திமிறுவா. கையை வெளிய விடுவா, உதைப்பா. அன்னிக்கு இதைக் கழட்டிடலாம்" என்றாள் நர்ஸம்மா. நானும் கோமரும் தலையாட்டினோம். அப்படி ஒரு நாள் வரும் என்று இரண்டு பேருமே நம்பவில்லை.

தார்சியும் மாறிவிட்டிருந்தாள். விடுமுறை கிடைக்கும்போதெல்லாம் வருவாள். கோமரின் எதிரே உட்கார்ந்து, அந்தப் பின்னல் அகல்வதையும் சுருங்குவதையும் பார்த்துக்கொண்டே இருப்பாள். "நல்லாத்தான் வேலை செய்யுது உங்க பனியன் துணி" என்று ஒரு நாள் சொன்னாள். மஜலாயாக்காரி வாயிலிருந்து அது வந்ததைக் கோமர் இமாஸிடம் போய்ச் சொல்லிச் சிரித்தான். இமாஸுக்கும் காய்ச்சல் விட்டு எழுந்து உட்கார முடிந்தது.

அன்றைக்குச் சாயங்காலத் தொழுகைக்கான அஸர் பாங்கு சொல்லி ஓய்ந்திருந்தது. மழை வரும்போல இருந்தது. கோமர் நாற்காலியில் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான், வாய் திறந்து, முழுத் தூக்கம். அவன் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. தார்சி பக்கத்தில் இருந்தாள். நான் அடுப்பங்கரை வாசலில் காய்கறி பஜ்ஜி பிய்த்துத் தின்றுகொண்டிருந்தேன். நாற்காலிக் கையின் பிரம்பு ஒன்று உடைந்து முள்ளாக நின்றிருக்கிறது. கோமர் புரண்டபோது அது பின்னலைக் கொத்தி, மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே ஒரு கண்ணியை வெளியே இழுத்துவிட்டது. நூல் துருத்திக்கொண்டு, பிள்ளையின் கண்ணுக்கு நேரே நின்றது.

நறுக்.

அந்தச் சத்தத்தை நான் தூக்கத்தில்கூட அடையாளம் கண்டுகொள்வேன். திரும்பினேன். தார்சியின் கையில் கத்தரி.

"நீட்டிக்கிட்டு இருந்துச்சு" என்றாள். "கண்ணுல குத்திடும்னு..."

சொல்லி முடிக்கும்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கல்யாணக் கதையை எங்கள் எல்லோரையும்விட அதிகத் தரம் சொன்னவள் அவள்தான். அவளுக்கு என்ன தெரியாது? கைக்குத் தெரியவில்லை. முப்பது வருஷமாகத் துருத்திய நூலை வெட்டிய கை.

கோமர் தூக்கத்தில் மூச்சு இழுத்தான். பின்னல் அகன்றது. வெட்டிய இடத்தில் ஒரு கண்ணி வாயைத் திறந்து, கீழே இருந்ததை விட்டது. அது அடுத்ததை விட்டது.

"கோமர்! அசையாத. மூச்சு இழுக்காத."

கண்ணைத் திறந்தான். குனிந்து பார்த்தான், பார்த்ததும் புரிந்துகொண்டான். வாழ்நாள் பூராவும் எதிர்பார்த்திருந்தது வந்தே விட்டது என்பதுபோல ஒரு முகம். பிள்ளையை அவசரமாக உருவினால் மோவாய் மடங்கிவிடும் என்று, நெஞ்சை அப்படியே நிறுத்திக்கொண்டான்.

நழுவிய கண்ணியைத் தூக்குகிற கொக்கி ஊசியை அவன் மெஷினிலிருந்து பிடுங்கிக்கொண்டு ஓடி வந்தேன். தார்சி பிளவின் இரண்டு பக்கத்தையும் இரண்டு கையால் சேர்த்துப் பிடித்திருந்தாள். "அல்லாவே, அல்லாவே" என்று முனகிக்கொண்டிருந்தாள். கடைசியாக விட்ட கண்ணியை நான் தேடினேன். கொக்கியில் ஏறியது, நழுவியது. மறுபடி ஏற்றினேன், மறுபடி நழுவியது. கோமரின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. எவ்வளவு நேரம்தான் ஒரு மனுஷன் அடக்குவான்?

அடக்க முடியாமல் இழுத்துவிட்டான், ஒரே பெரிய மூச்சு. பிளவு தார்சியின் விரல்களுக்கு அடியில் சரசரவென்று ஓடியது. பிள்ளையின் தோளைத் தாண்டி, விலாவைத் தாண்டி, இடுப்புவரை ஓடியது. பின்னல் தொளதொளத்தது. உள்ளே ஏதோ ஒன்று சரிந்து புரண்டது.

"நீனிங்!" என்று கத்தினான் கோமர். "நீனிங்! நீனிங்!"

யாரும் கேட்டிராத பெயர். உள்ளறையிலிருந்து இமாஸ் சுவரைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். "யாரு? யாரைக் கூப்புடறீங்க?"

பிளவின் குறுக்கே நின்ற நூல்களுக்கு நடுவிலிருந்து ஒரு விரல் வெளியே வந்தது. பின்னால் இன்னும் நாலு. ஒரு முழுக் கை, முட்டிவரை. அது ஒரு நூலைப் பிடித்து இழுத்தது. பிறகு தலை பின்னுக்கு வளைந்து, கோமரின் வயிற்றில் இரண்டு காலும் ஒரே நேரத்தில் உதைக்க, அவள் வாயைத் திறந்தாள். பூனைக்குட்டி சத்தமில்லை அது. ஒற்றைச் செங்கல் சுவரைத் தாண்டி, அதற்கடுத்த சுவரையும் தாண்டிப் போன சத்தம். சந்தில் ஓடிக்கொண்டிருந்த மெஷின்கள் ஒவ்வொன்றாக நின்றன.

கோமர் இரண்டு கையாலும் அவளை அணைத்துப் பிடித்துக்கொண்டு, வியர்வை வழிய என்னைப் பார்த்தான்.

"மூச்சு விடறாளாக்கா?"

"அடப்பாவி, ஊரே கேக்குதுடா!" என்றேன். சொல்லிவிட்டு நான் அழுதேன். தார்சி தரையில் உட்கார்ந்து, கழுத்துக் கத்தரியைக் கழற்ற, கயிற்றை அவிழ்க்க முடியாமல் பிடித்து இழுத்து அறுத்துக்கொண்டிருந்தாள்.

இமாஸ் நாற்காலியின் காலடியில் உட்கார்ந்து அந்தச் சின்னக் கையைப் பிடித்தாள். பிறகு புருஷனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீனிங்கா? எப்ப வச்சீங்க?"

"கண்ணாடிப் பெட்டியில இருக்கும்போதே."

"எங்கிட்டக்கூடச் சொல்லலையே?"

"வெளிய சொல்லப் பயமா இருந்துச்சு" என்றான் கோமர். "அவ மூச்சை மறந்தப்பதான் கூப்புடுவேன், உள்ளுக்குள்ளயே. கூப்புட்டா வந்துடுவா."